மீனுக்குச் சீதபேதியா?

பொங்கலுக்கு ஊருக்குப் போய்விட்டு ஒன்பது நாள் கழித்துக் கொளத்தூர் வீட்டுக்குத் திரும்பிய ராத்திரி, பையைக்கூடப் பிரிக்காமல் நான் போய் நின்றது மீன் தொட்டி முன்னால்தான். மூன்றடித் தொட்டி, ஆறு ஏஞ்சல் மீன்கள். லைட்டைப் போட்டதும் ஆறும் கண்ணாடிப் பக்கம் ஓடி வந்தன. எண்ணிப் பார்த்து நிம்மதியான பிறகுதான் அதைக் கவனித்தேன். கறுப்பு ஏஞ்சலின் வயிற்றுக்கு அடியில் வெள்ளையாக ஒரு நூல் தொங்கிக்கொண்டிருந்தது. இரண்டு அங்குலம் இருக்கும். நனைந்த தையல் நூல் மாதிரி, ஆனால் ஊடே பார்க்கலாம் போல ஒரு கண்ணாடித்தன்மை. மீன் திரும்பினால் அதுவும் கூடவே திரும்பியது, அறுந்து விழவில்லை. உற்றுப் பார்த்தால் இன்னும் இரண்டு மீன்களுக்கும் அதே நூல்.

பின்னால் வந்து நின்ற அத்தை மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு குனிந்து பார்த்தார். “ஏம்மா, இது சீதம் இல்ல? மீனுக்குக்கூடவா சீதபேதி வரும்?”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான் விலங்கியலில் முதுகலை. வீட்டில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு உயிரியல் டியூஷன் எடுக்கிறேன். அத்தை எட்டாம் வகுப்பு. ஆனால் அந்த நூலுக்குச் சரியான பெயரை அன்றைக்கே சொன்னவர் அவர்தான் என்பது எனக்குப் புரிய ஒரு வாரமும் ஒரு மீனின் உயிரும் ஆயின.

கொளத்தூரைத் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை: சென்னையில் வண்ண மீன் என்றால் எங்கள் ஏரியாதான். மொட்டைமாடியில் தொட்டி கட்டிக் குஞ்சு எடுப்பவர்கள், மொத்தமாக வாங்கி வெளியூருக்கு அனுப்புபவர்கள், மீன் தீனிக்கான டியூபிஃபெக்ஸ் புழு விற்பவர்கள் என்று ஒரு முழுப் பிழைப்பே இங்கே நடக்கிறது. அதனால் மீன் வைத்தியர்களுக்கும் பஞ்சமில்லை. மறுநாள் காலை நான் போன கடையில் போனில் எடுத்த படத்தைக் காட்டினேன். பார்த்த நொடியே தீர்ப்பு வந்தது. “குடல்ல புழுக்கா. விட்டா எல்லாத்துக்கும் ஒட்டிக்கும்.” புழுவுக்கு ஒரு மருந்து, ‘பாக்டீரியாவும் இருக்கும்’ என்பதற்காக ஒரு மஞ்சள் பொடி. மருந்து போடுகிற நாட்களில் தீனி போடக்கூடாது என்றும் சொல்லி அனுப்பினார்.

போட்டேன். தண்ணீர் மாம்பழ ஜூஸ் நிறத்துக்கு வந்தது. நூல் நிற்கவில்லை. மூன்றாம் நாள் இன்னொரு தடவை போட்டேன், தீனி இன்னும் போடவில்லை. இப்போது ஆறு மீன்களுக்கும் நூல். ஐந்தாம் நாள் காலை, கோடு போட்ட சின்ன ஏஞ்சல் ஃபில்டர் பக்கத்தில் சாய்ந்து கிடந்தது. அப்போதுதான் உறைத்து, தண்ணீரில் அம்மோனியா அளக்கிற சொட்டு மருந்தை எடுத்துச் சோதித்துப் பார்த்தேன். மஞ்சளாக நிற்க வேண்டிய சோதனைக் குழாய் பச்சையாக மாறியது, அம்மோனியா ஏறியிருந்தது. மீனின் கழிவிலிருந்து வருகிற அம்மோனியாவைத் தின்று அடக்கி வைக்கிற நல்ல பாக்டீரியாக்கள் ஸ்பாஞ்ச் ஃபில்டரில் குடியிருக்கும். அவற்றைத்தான் என் மஞ்சள் பொடி கொன்றிருந்தது. புழுவைக் கொல்லப் போய்த் துப்புரவுத் தொழிலாளர்களைக் கொன்றுவிட்டேன்.

செத்த மீனை அப்படியே தொட்டிச்செடிக்குப் புதைக்க மனம் வரவில்லை. பின்கட்டுத் தொட்டியருகே பழைய சிடி கவரை விரித்து, கல்லூரியில் வாங்கிய கத்தரிக்கோலோடு உட்கார்ந்தேன். அத்தை “சாப்பாட்டு நேரத்துல என்னம்மா இது” என்று உள்ளே போய்விட்டார், ஆனால் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வயிற்றைத் திறந்ததும் முதலில் கண்ணில் பட்டது பித்தப்பை. ஒரு கொத்தமல்லி விதையளவுக்கு உப்பி, கரும்பச்சையாக. இரைப்பை சுருங்கிய பை, காலி. குடலை நீளவாக்கில் பிளந்தேன். புழு ஒன்றும் இல்லை. தீனியின் தடமும் இல்லை. உள்ளே முழுக்கத் தெளிவான, லேசாகப் பச்சைமஞ்சள் ஓடிய கொழகொழ. ஊசியால் தூக்கினால் நூலாக எழும்பி வந்தது. தொட்டியில் தொங்கிய அதே நூல்.

பித்தப்பை உப்பியிருந்தால் அந்த மீன் பல நாளாகச் சாப்பிடவில்லை என்று அர்த்தம். தீனி வந்தால்தான் பித்தம் குடலுக்கு இறங்கும். வராவிட்டால் பைக்குள்ளேயே சேர்ந்து அடர்த்தியாகும். மருந்துக்காக நான் பட்டினி போட்டது ஐந்து நாள். அதற்கு முந்தைய ஒன்பது நாள்? பக்கத்து வீட்டுப் பையனிடம் சாவி கொடுத்துவிட்டுத்தான் போயிருந்தேன், தினமும் ஒரு சிட்டிகை போடச் சொல்லி. அன்று சாயங்காலம் கூப்பிட்டுக் கேட்டேன். காலைத் தரையில் தேய்த்தான். “ரெண்டாவது நாளே சாவி தொலைஞ்சு போச்சு ஆண்ட்டி. அம்மாகிட்ட சொன்னா அடிப்பாங்கன்னு…”

ஆக, பதினான்கு நாளில் என் மீன்கள் ஒரே ஒரு நாள்தான் சாப்பிட்டிருக்கின்றன. பசியில் நூல் விட்டன. நூலைப் பார்த்து மருந்து போட்டேன். மருந்துக்காகப் பட்டினி போட்டேன். பட்டினியால் இன்னும் நூல் விட்டன. நல்ல வைத்தியம்.

உயிரோடிருந்த ஐந்தில் ஒன்றிலிருந்து அறுந்து விழுந்த நூலைச் சொட்டுக்குழாயில் உறிஞ்சி, அப்பா வாங்கித் தந்த பழைய மைக்ராஸ்கோப்பின் அடியில் வைத்தேன். முதலில் ஒன்றுமே தெரியவில்லை. வெளிச்சத்தைக் குறைத்த பிறகுதான் தெரிந்தது. தண்ணீருக்குள் இன்னொரு தண்ணீர் கிடப்பது போல ஒரு விளிம்பு. அதற்குள் ஓடை ஓடையாக இழைகள், இழைகளில் சிக்கிக்கொண்ட உதிர்ந்த செல்கள், அங்கங்கே துடிக்கிற பாக்டீரியாப் புள்ளிகள். புழு முட்டை இல்லை. வாலாட்டிக்கொண்டு ஓடும் கசையுயிரிகள் என்கிற ஒற்றைச் செல் ஒட்டுண்ணிகளும் இல்லை. அது வெறும் சீதம். குடலின் உள்சுவருக்கு மீன் தினமும் பூசிக்கொள்கிற பூச்சு, தீனி இல்லாததால் வெறுங்கையோடு வெளியே வந்திருக்கிறது.

இது எனக்குத் தெரியாத விஷயமும் இல்லை, அதுதான் வெட்கம். 2006-இல் என் முதுகலை புராஜெக்டே மீன் குடல்தான். சாதாக் கெண்டைக் குஞ்சுகளின் குடலைத் துண்டு போட்டு, பூவான் திரவத்தில் ஊற வைத்து (அதிலிருக்கும் பிக்ரிக் அமிலம் பட்டு விரலெல்லாம் மஞ்சள் பூசிக் குளித்த மாதிரி ஆகிவிடும்), மெழுகில் புதைத்து, மைக்ரோடோமில் 5 மைக்ரான் தடிமனுக்குச் சீவுவோம். சீவல்கள் ஒன்றோடொன்று ஒட்டி ரிப்பன் போல வரும். மின்விசிறி போட்டால் பறந்துவிடும் என்று மே மாதப் பாளையங்கோட்டை வெயிலில் விசிறியில்லாமல் உட்கார்ந்திருப்போம். அந்த ரிப்பனை வெதுவெதுப்பான தண்ணீரில் மிதக்கவிட்டு, முட்டை வெள்ளை தடவிய கண்ணாடியில் ஏந்தி எடுத்து, சாயம் ஏற்ற வேண்டும்.

சாயம் இரண்டு. ஒன்று ஆல்சியன் நீலம். இன்னொன்று பி.ஏ.எஸ்., மெஜந்தா நிறம் கொடுக்கும். அமிலத்தன்மையுள்ள சீதம் நீலத்தைப் பிடிக்கும், நடுநிலையான சீதம் மெஜந்தாவை. இரண்டும் கலந்திருந்தால் ஊதா. முதல் தடவை சரியாக வந்த சிலைடை இன்னும் மறக்கவில்லை. வெளிறிய ரோஜா நிறத்தில் குடல் மடிப்புகள் விரல் விரலாக நீட்டிக்கொண்டிருக்க, அவற்றின் ஓரம் முழுக்க நீலச் சொம்புகள். அடி குறுகி, வயிறு பருத்து, வாய் குடலுக்குள் திறந்திருக்கும். கோப்பைச் செல் என்று பாடப் புத்தகத்தில் இருக்கும். எனக்கு அது எப்போதும் சொம்புதான். சில சொம்புகளின் வாயிலிருந்து நீலம் வழிந்து வெளியே இழுபட்டிருந்தது, ரசாயனத்தில் உறைந்துபோன அந்த நொடியில். குடலின் முன்பகுதியில் சொம்புகள் எண்ணிக்கையில் குறைவு, பின்னால் போகப் போக நெருக்கம். கழிவு கெட்டியாகிற இடத்தில்தானே வழுக்கல் அதிகம் வேண்டும்.

சொம்புக்குள் சீதம் சீதமாக இருப்பதில்லை. மியூசின் என்கிற ராட்சதப் புரதம். அதன் உடம்பெல்லாம் சர்க்கரைச் சங்கிலிகள் புட்டி துலக்குகிற பிரஷ்ஷின் மயிர்கள் மாதிரி. அதைக் கால்சியம் கொண்டு கட்டி, குறுக்கி, குட்டிக் குட்டி மணிகளாக அடுக்கி வைத்திருக்கும். வெளியே விட்ட கணத்தில் கட்டு அவிழ்ந்து, தண்ணீரைக் குடித்து, நூறு மடங்குக்கும் மேல் ஊதிவிடும். சப்ஜா விதையை டம்ளரில் போட்ட மாதிரி. முடிவில் கிடைக்கிற கூழில் சுமார் 95 சதவீதம் தண்ணீர்தான். சொற்பச் சரக்கை வைத்துக்கொண்டு இவ்வளவு பெரிய சுவரைக் கட்டுகிற கொத்தனாரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

பாடத்தில் படித்ததைவிட, மீனின் வழவழப்பை எனக்கு முதலில் அறிமுகப்படுத்தியவர் ஆச்சி. தாமிரபரணிக் கரை ஊர். குளம் வற்றுகிற மாதங்களில் விரால் வரும். உயிரோடு சருவத்தில் துள்ளும். ஆச்சி அடுப்புச் சாம்பலை அள்ளிக் கொடுத்து, “ஏட்டி, வெறுங்கையால பிடிக்காத, வழுக்கிட்டுப் போயிரும். சாம்பலைத் தொட்டுப் பிடி” என்பாள். அம்மிக்கல்லில் கல் உப்புப் போட்டு உரசினால் நுரை நுரையாகக் கழன்று வரும். அதை அழுக்கு என்றுதான் நினைத்திருந்தேன். அது மீனின் மேல்சட்டை. வயிற்றைக் கீறினால் உள்சட்டையும் அதே துணியில் தைத்தது.

ஆச்சி சொல்லாமலே கற்றுக்கொண்ட இன்னொன்று, விராலின் வயிற்றில் பை இருக்கும், கெண்டையின் வயிற்றில் இருக்காது. கெண்டை இனத்துக்கு இரைப்பையே கிடையாது. ரோகு, கட்லா எல்லாம் அப்படித்தான். தொண்டையிலிருந்து நேரே குடல், அது சுற்றிச் சுற்றி நீண்டு கிடக்கும். ஜிலேபிக் கெண்டைக்குப் பேரில்தான் கெண்டை. அதற்கு இரைப்பை உண்டு, அதுவும் சாதாரண இரைப்பை இல்லை. அதன் அமிலம் பி.எச். 2-க்கும் கீழே இறங்கும். அந்தக் கடுமையில்தான் நீலப்பச்சைப் பாசியின் சுவரே உடைகிறது. இப்படி ஓர் அமிலத்தை வைத்துக்கொண்டு இரைப்பை தன்னைத்தானே செரித்துக்கொள்ளாமல் இருப்பது உள்சுவரில் நெருக்கமாகப் பூசிய சீதத்தால். அங்கே பி.ஏ.எஸ். சாயம் போட்டால் சுவரின் மேல்விளிம்பு முழுக்க மெஜந்தாப் பட்டையாகப் பிடிக்கும். கெண்டைக்கு அந்தத் தலைவலி இல்லை.

மீனுக்கு எச்சில் சுரப்பியும் கிடையாது. இதை டியூஷனில் சொன்னால் பிள்ளைகள் நம்புவதில்லை. தண்ணீரிலேயே இருக்கிற பிராணிக்கு வாயை ஈரமாக்க எச்சில் எதற்கு என்று ஒருத்தி கேட்டாள், நல்ல கேள்வி. ஆனால் விழுங்குவதற்கு வழுக்கல் வேண்டுமே. விரால் ஒரு குட்டி மீனை முள்ளோடும் செதிலோடும் முழுசாக விழுங்குகிறது. மென்று விழுங்குகிற பழக்கம் கிடையாது. அந்த முள் உணவுக்குழலைக் கிழிக்காமல் இறங்குவதற்காக அங்கே சீதச் செல்கள் அடைத்துக்கொண்டு நிற்கும். சில மீன்களின் உணவுக்குழலைச் சாயம் ஏற்றிப் பார்த்தால் வேறு செல்லே இல்லையோ என்று தோன்றும் அளவுக்கு. எச்சில் செய்ய வேண்டிய வேலையை அதுதான் செய்கிறது.

விலாங்கைப் பற்றிய ஒரு விஷயம் படித்ததிலிருந்து மனதை விட்டுப் போகவில்லை. ஜப்பானிய விலாங்கை வைத்துப் பார்த்தது. விலாங்கு ஆற்றில் வளர்ந்து, முட்டையிடக் கடலுக்குப் போகிற மீன். நன்னீரில் இருக்கும்போது அதன் உணவுக்குழல் சுவர் பல அடுக்காக, சீதச் செல்கள் நிறைந்து, உப்போ தண்ணீரோ எளிதில் ஊடுருவ முடியாதபடி இருக்கிறது. கடல் தண்ணீருக்குப் பழக்கினால் அதே சுவர் மாறுகிறது. சீதச் செல்கள் குறைந்து, சுவர் மெலிந்து, குடிக்கிற கடல்நீரின் உப்பை அங்கேயே உறிஞ்சிக்கொள்ளும் தோலாக ஆகிவிடுகிறது. வீடு மாறினால் ஜன்னல் திரையை மாற்றுவது போல.

கடல் மீன் தண்ணீர் குடிக்கும், நன்னீர் மீன் பெரும்பாலும் குடிக்காது. இதை அத்தையிடம் சொன்னபோது “உப்புத் தண்ணியைக் குடிச்சா இன்னும் தாகம்தானே எடுக்கும்” என்றார். அதுதான் சிக்கல். கடல்நீர் மீனின் உடம்பைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு உப்பு. உடம்பிலிருந்து தண்ணீர் சதா வெளியே இழுபட்டுக்கொண்டே இருக்கும், ஈடுகட்டக் குடித்தே ஆக வேண்டும். குடித்த நீரில் கால்சியமும் மெக்னீசியமும் வண்டி வண்டியாக இருக்கும். குடல் பைகார்பனேட்டைச் சுரந்து அவற்றைச் சுண்ணாம்பாகப் படிய வைத்து, மிச்சத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்கிறது. படிந்த சுண்ணாம்பு மணலாகச் சுவரை உரசாமல், சீதம் அதை உறை போட்டு உருட்டி வெளியே அனுப்புகிறது. தீனி தின்றாலும் தின்னாவிட்டாலும் கடல் மீன்கள் இந்த வெள்ளைக் குருணையைப் போட்டுக்கொண்டேதான் இருக்கும். 2009-இல் எக்ஸிடர் பல்கலைக்கழகத்து ராட் வில்சன் குழுவினர் ‘சயன்ஸ்’ இதழில் ஒரு கணக்குப் போட்டார்கள்: கடலில் உண்டாகிற கார்பனேட்டில் 3 முதல் 15 சதவீதம் மீன் குடலிலிருந்து வருவதாக இருக்கலாம் என்று. இதைப் படித்த அன்று மெரினா மணலைக் கொஞ்சம் சந்தேகத்தோடு பார்த்தேன். (நம் கடற்கரை மணல் பெரும்பாலும் ஆறு கொண்டுவந்தது, கவலை வேண்டாம். பஹாமாஸ் போன்ற இடத்தின் வெள்ளைச் சேற்றில்தான் மீனின் பங்கு பெரிது.)

சரி, சுவரைப் பற்றிச் சொன்னேன். காவல்காரரைப் பற்றிச் சொல்லவில்லை.

சீதம் வெறும் கூழ் மட்டும் என்றால் பாக்டீரியா அதை நக்கித் தின்றே உள்ளே போய்விடும். அதற்குள் லைசோசைம் போன்ற நொதிகள் கலந்திருக்கும், பாக்டீரியாவின் சுவரைக் கரைக்க. கூடவே எதிர்ப்பொருள்கள். நமக்குக் குடலில் ஐ.ஜி.ஏ. என்று ஒன்று உண்டு. மீனுக்கு அது கிடையாது. ரொம்ப நாளாக மீனின் குடலை யார் காக்கிறார்கள் என்பது தெளிவில்லாமலே இருந்தது. 2005-இல் ஐ.ஜி.டி. (IgT) என்ற புது எதிர்ப்பொருளை மீன்களில் கண்டார்கள். 2010-இல் வானவில் ட்ரௌட் மீனை வைத்து, குடல் சீதத்தில் அந்த வேலையைச் செய்வது இதுதான் என்று காட்டினார்கள். குடலில் ஒட்டுண்ணி தொற்றிய ட்ரௌட்டின் சீதத்தில் அந்த ஒட்டுண்ணிக்கு எதிரான ஐ.ஜி.டி. இருந்தது, ரத்தத்திலோ ஐ.ஜி.எம். என்ற இன்னொரு எதிர்ப்பொருள்தான் இருந்தது. வாசலுக்கு ஒரு காவல், தெருவுக்கு ஒரு காவல். நான் புராஜெக்ட் எழுதிய 2006-இல் இதில் பாதி கண்டுபிடிக்கப்படவே இல்லை என்று நினைத்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதல்.

அப்புறம் சீதம் நகர்ந்துகொண்டே இருப்பது. இதுதான் என் தொட்டிக் கதைக்கு முக்கியம். சுவரில் ஒட்டிக்கொண்டு நிரந்தரமாக இருந்தால் அது தோல். சீதம் அப்படி இல்லை. அடியில் புதுசு சுரக்கச் சுரக்க, மேலே இருப்பது சிக்கிய பாக்டீரியாவோடும் உதிர்ந்த செல்லோடும் பின்பக்கமாகத் தள்ளப்பட்டு வெளியேறும். வீட்டு வாசலில் தினம் சாணி தெளித்து மெழுகுவது போல, பழைய பூச்சு போகப் போகப் புதுப் பூச்சு. தீனி தின்கிற மீனில் அந்தப் பழைய பூச்சு கழிவைச் சுற்றிய உறையாகப் போய்விடும், நம் கண்ணுக்குத் தெரியாது. தின்னாத மீனில் உறை மட்டும் வரும். வெள்ளை நூல்.

எல்லாம் காவல்தான் என்று புகழவும் முடியாது. சில கிருமிகள் சீதத்தையே வழிகாட்டியாக எடுத்துக்கொள்கின்றன. வைப்ரியோ அங்குயில்லாரம் என்ற பாக்டீரியா ட்ரௌட்டின் குடல் சீதத்தை மோப்பம் பிடித்து அதை நோக்கி நீந்துகிறது, அதைத் தின்றே பெருகவும் செய்கிறது. காவல்காரரின் சோற்றுச் சட்டியிலிருந்தே திருடன் சாப்பிடுகிறான்.

தீனியாலும் பூச்சு குலையும். நார்வேயில் சால்மனுக்கு மீன் தூளுக்குப் பதில் சோயாப் புண்ணாக்கு சேர்த்த தீனி போட்டபோது பின்குடல் வீங்கிக் கெட்டதை 1996-இல் விவரமாக எழுதினார்கள். மடிப்புகள் குட்டையாகி, சொம்புச் செல்கள் பெருகி, அழற்சி. சோயாவில் இருக்கிற சப்போனின்தான் முக்கியக் குற்றவாளி என்று பிறகு தெரிந்தது. சோயாவை நிறுத்தினால் சில வாரத்தில் குடல் பழையபடி ஆகிவிட்டது. கொன்று தின்னப் பிறந்த மீனுக்குப் பயறு போட்டால் இப்படித்தான். இதைப் படித்த பிறகு தீனி டப்பாவின் பின்பக்கத்தில் முதல் மூன்று பொருள்களைப் படிக்காமல் நான் வாங்குவதில்லை.

சீதத்தைச் சோறாகவே போடுகிற மீனும் இருக்கிறது. எங்கள் தெருக் கோடியில் டிஸ்கஸ் வளர்க்கிற ஒருவர் வீட்டில் அதை நேரில் பார்த்தேன். அமேசான் மீன், தட்டு மாதிரி வட்டமாக இருக்கும். குஞ்சுகள் நீந்த ஆரம்பித்ததும் கூட்டமாகப் போய் அம்மாவின் விலாவில் ஒட்டிக்கொள்கின்றன. கொத்துவது தெரியும், எதைக் கொத்துகின்றன என்பதுதான் தெரியாது. மேலே சுரக்கிற வழவழப்பைத்தான். சற்று நேரம் கழித்து அம்மா ஒரு சிலுப்பு சிலுப்பி விலகிக்கொள்ள, குஞ்சுகள் அத்தனையும் அப்பாவின் உடம்புக்கு மாறின. இருவரும் முறை போட்டுக்கொள்கிறார்கள். அந்தச் சமயத்தில் பெற்றோரின் சீதத்தில் புரதமும் எதிர்ப்பொருளும் கூடுகின்றன என்று 2010-இல் அளந்து எழுதியிருக்கிறார்கள். சீம்பால் கணக்குத்தான். சுவர் பூசத் தெரியாத குஞ்சின் குடலுக்குள் பெற்றவர்களின் பூச்சு இறங்குகிறது. அன்றைக்கு அந்தத் தொட்டி முன்னாலிருந்து எழுந்து வர எனக்கு முக்கால் மணி நேரம் ஆனது. வீட்டில் குக்கர் விசில் எண்ணிக்கை தப்பிவிட்டது.

வெள்ளை நூல் எப்போதும் பட்டினிதான் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம், நான் செய்த தப்பையே தலைகீழாகச் செய்த மாதிரி ஆகிவிடும். நோயிலும் வரும். ஸ்பைரோநியூக்ளியஸ் என்கிற கசையுயிரி ஏஞ்சலுக்கும் டிஸ்கஸுக்கும் பிடித்தமான விருந்தாளி. குடலில் அது பெருகினால் சீதம் அதிகமாகச் சுரந்து இதே மாதிரி நூல் வரும். வித்தியாசத்தை இப்போது இப்படிப் பார்க்கிறேன். பசி நூல் விடுகிற மீன் தீனியைக் கண்டால் பாய்ந்து வரும், இரண்டு வேளை தின்றதும் நிறமுள்ள கழிவு போட ஆரம்பிக்கும். நோய் நூல் விடுகிற மீன் தீனியை வாயில் வாங்கித் துப்பும், மூலையில் நிற்கும், நிறம் கறுக்கும், நெற்றி ஒட்டி முதுகு மெலியும். சந்தேகமாக இருந்தால் புது நூல் ஒன்றை உடனே மைக்ராஸ்கோப்பில் வைத்தால் போதும். கசையுயிரி இருந்தால் தேடவே வேண்டாம், கண்முன்னே எறும்புப் புற்றைக் கலைத்த மாதிரி ஓடும். அதற்கு உரிய மருந்து வேறு, தெரிந்தவரிடம் கேட்டுத்தான் போட வேண்டும். மைக்ராஸ்கோப் இல்லாதவர்கள் குறைந்தபட்சம் ‘கடைசியாக எப்போது சாப்பிட்டது’ என்ற கேள்வியையாவது முதலில் கேட்கலாம். எனக்கு அந்தக் கேள்வி தோன்ற ஒரு பிணப் பரிசோதனை தேவைப்பட்டது.

மிச்ச ஐந்துக்கும் அன்றே பாதித் தண்ணீர் மாற்றினேன். டிஸ்கஸ்காரரிடமிருந்து ஓடிக்கொண்டிருந்த பழைய ஸ்பாஞ்ச் ஒன்றைக் கடன் வாங்கி வந்து போட்டேன், அதிலிருக்கிற பாக்டீரியாவுக்காக. மறுநாள் கொஞ்சமாக ஆர்ட்டீமியா, மீன் தீனியாகப் போடுகிற பொடி உப்புநீர் இறால். ஐந்தும் பாய்ந்து வந்து தின்றன. அதற்கடுத்த நாள் சாயங்காலம் கறுப்பு ஏஞ்சலின் நூலில் முதல் இரண்டு அங்குலம் வெள்ளையாகவும், அதற்குப் பின்னால் அரை அங்குலம் செங்கல் நிறத்திலும் இருந்தது. ஆர்ட்டீமியாவின் நிறம். பழைய பூச்சு முடிந்து, உறைக்குள் சரக்கு வந்துவிட்டது. இதைப் படம் எடுத்து என் வீட்டுக்காரருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். ஆபீஸ் மீட்டிங்கில் இருந்தாராம், ‘என்ன இது, ஏன் எனக்கு’ என்று பதில் வந்தது.

அத்தைக்கு மட்டும் நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. சளி மூக்குக்கு, கோழை நெஞ்சுக்கு, சீதம் வயிற்றுக்கு என்று இடத்துக்கொரு பெயர் வைத்திருக்கிற பேச்சில் வளர்ந்தவர். இப்போதெல்லாம் காலையில் காபி டம்ளரோடு தொட்டி முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்கிறார். நான் பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போதே அறிக்கை வந்துவிடும். “கறுப்பு நல்லா போச்சும்மா, பழுப்பா இருக்கு. அந்த மஞ்ச மூக்குதான் இன்னும் வெள்ளையா விடுது. நேத்து அதுக்குத் தீனி கிடைக்கலபோல, கறுப்பு தொரத்திட்டே இருந்துச்சு.”

மஞ்சள் மூக்குக்கு இன்று முதல் தனித் தொட்டி.